கச்சேரியை நிறுத்தப் பூக் கேட்டோம்

எங்கள் பாடகருக்குத் தொண்டை போனது பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், நாலாவது பாட்டில். மண்டபமே மைக்கைத்தான் திட்டியது. சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில், தறியில் இழை அறுகிற மாதிரி குரல் சட்டென்று நின்றுவிட்டது. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. "ஏனுங்க, மைக்கு செத்துப்போச்சுங்க!" என்று முன்வரிசையில் ஒருவர் எழுந்து கத்தினார். மைக்செட் என் வீட்டுக்காரருடையது. அவர் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கிச் சொருகினார், பிறகு வேறொரு மைக்கைக் கொண்டுவந்து பாடகர் கையில் திணித்தார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் விஷயம் தெரிந்தது. பாடகர் கைக்குட்டையை வாயில் பொத்தி எடுத்தபோது அதில் சுண்டைக்காய் அளவுக்கு ரத்தம்.

மிச்சம் ஒன்றரை மணி நேரமும் நானே பாடினேன். டூயட்டில் ஆண் பாகத்தையும் நானே. மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். இது நல்ல புதுமை என்று ஒரு பெரியவர் மேடையேறி வந்து பாராட்டிவிட்டுப் போனார். பாடகர் ட்ரம்ஸுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வெந்நீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். பாடிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு நினைப்பு வந்தது. சொன்னால் கல்நெஞ்சுக்காரி என்பீர்கள். ‘அப்பாடா, இனிமேல் நிறுத்திவிடலாம்’ என்பதுதான் அந்த நினைப்பு.

நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு வயது பத்தொன்பது. பாடகரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், கூடப்பிறந்தவர் இல்லை. சிங்காநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பகலெல்லாம் மோட்டார், பொழுது சாய்ந்தால் பாட்டு. கீபோர்டு வாசிக்கிறவரை எல்லாருமே மாஸ்டர் என்போம். ட்ரம்ஸ், கிடார், தபலாவுக்கு மூன்று பேர். பெண் குரலுக்கு நான். வேன் ஓட்டுவதும் என் வீட்டுக்காரர்தான். சூலூர், காங்கேயம், தாராபுரம், கொடுமுடி என்று கல்யாணத்துக்குக் கல்யாணம், நோம்பிக்கு நோம்பி சுற்றினோம். எங்கள் பக்கம் திருவிழாவை நோம்பி என்போம்.

முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. புதுப்புடவை, பூ, மைக்கைத் தொட்டால் ஊரே திரும்பிப் பார்க்கிற பெருமை, எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அலுத்துப்போனது. ஸ்பீக்கர் பெட்டிக்கும் ட்ரம்ஸுக்கும் நடுவில் காலை மடக்கி உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி போனது. கல்யாணச் சாப்பாட்டுக்கு நாக்கைத் தொங்கப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். வாரத்தில் நாலு நாள் அதைத் தின்றுபார்க்கட்டும், ரசத்துக்கும் சுட்ட அப்பளத்துக்கும் அழுவார்கள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது. பெண் வயசுக்கு வந்தால் எங்கள் பக்கம் திரட்டி என்று சீர் செய்வார்கள். வசதியான வீட்டில் அதற்கும் ஆர்கெஸ்ட்ரா உண்டு. கொடுமுடியில் யார் வீட்டுப் பெண்ணையோ மணையில் உட்காரவைத்து நான் மைக்கில் வாழ்த்திப் பாடிக்கொண்டிருந்த அதே பொழுதில், இங்கே என் மகள் வயசுக்கு வந்திருக்கிறாள். அம்மா இல்லாத வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். நான் மறுநாள் வந்து சேர்ந்தபோது அந்த வீட்டம்மா அவளுக்குத் தண்ணீர் ஊற்றி, தன்னுடைய பழைய சேலை ஒன்றைச் சுற்றிவிட்டு, பாயில் உட்காரவைத்திருந்தார். மகள் என்னை ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. இதோடு போதும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டு இன்னும் மூன்று வருஷம் பாடினேன்.

ஏன் பாடினேன் என்றால், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கோயமுத்தூர்க்காரர்களின் மரியாதையை ஊர் உலகமெல்லாம் புகழ்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த மரியாதையில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இங்கே ஒருவர் முகத்துக்கு நேராக இன்னொருவர் ‘முடியாது’ என்று சொல்லமாட்டார். கொடுமுடி நடந்த அடுத்த வாரமே, சொல்லிவிட வேண்டும் என்று வைராக்கியமாக அண்ணன் கடைக்குப் போனேன். மோட்டாருக்குள் தலையை விட்டுச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, "வா அம்மணி, உனக்குன்னே ஒரு புதுப்பாட்டு எடுத்து வெச்சிருக்கறேன்" என்றார். பாட்டை நிறுத்தச் சொன்னால் இந்த மனுஷர் உயிரோடு இருப்பாரா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. டீ குடித்துவிட்டு, புதுப்பாட்டைக் கேட்டுவிட்டுத் திரும்பிவந்தேன்.

பல்லடத்துக் கல்யாணத்துக்கு மறுநாள் கோயமுத்தூரில் தொண்டை டாக்டரிடம் போனோம். குரல் நரம்பில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. ஆறினபிறகு வீட்டில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொள்ளலாம். மறுபடி ஊர் ஊராகப் போய் மூன்று மணி நேரம் பாடினால் பாட்டு மட்டுமில்லை, பேச்சே போனாலும் போகும். டாக்டர் இதை இரண்டு தடவை சொன்னார். அண்ணன் இரண்டு தடவையும் தலையாட்டினார்.

சிலேட்டு ஒன்று வாங்கி, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஐம்பது தாண்டிய மனுஷர் அப்படி நிற்பதைப் பார்த்துக் கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மோட்டாரைப் பற்றி விசாரித்தார்கள். நான் வாரம் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். அண்ணன் மனைவியை எங்கள் வழக்கப்படி நங்கை என்று கூப்பிடுவேன். "ஊடே சத்தமில்லாம வெறிச்சுன்னு கெடக்குது அம்மணி" என்று நங்கை குறைபோலத்தான் சொன்னார். முகத்தில் ஒரு குறையும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் புருஷனும் பெண்டாட்டியும் தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அண்ணன் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தார்.

எனக்கு அந்த ஆறு வாரமும் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. வீட்டிலேயே இருந்தேன். பொழுதோடு விளக்கு வைத்தேன். மகள் படிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அண்ணனை நினைத்தால் வருத்தமாக இருக்கும், அது நிஜம். ஆனாலும் காலையில் எழுந்ததும் ‘இன்றைக்கு எந்த ஊர்?’ என்று கேட்கவேண்டாம் என்பது அதைவிடப் பெரிய நிஜமாக இருந்தது.

ஆறாவது வாரம் முடிய நாலு நாள் இருக்கும்போது சூலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து நோம்பிக்காரர்கள் வந்துவிட்டார்கள். பத்துப் பதினாலு வருஷமாக நாங்கள்தான் அந்த ஊருக்குப் பாடுகிறவர்கள். அண்ணன் வீட்டுக்கு எங்கள் எல்லாரையும் வரச்சொல்லியிருந்தார்கள். "ஏனுங்க, உங்க கச்சேரி இல்லாத நோம்பியா? அண்ணன் வந்து நாலே நாலு பாட்டுப் பாடினாப் போதுமுங்க. இந்த ஊர்ல ஆரமிச்சா மத்த ஊரும் வருசையா வருமுங்க" என்றார் அவர்களில் பெரியவர்.

டாக்டர் சொன்னது அந்த அறையில் இருந்த எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாராவது ஒருவர் வாயைத் திறந்து, ‘அவர் பாடினால் பேச்சுப் போய்விடும், வரமுடியாதுங்க’ என்று சொன்னால் முடிந்தது. மாஸ்டர் அண்ணனைப் பார்த்து, "உங்க இஷ்டமுங்க" என்றார். அண்ணன் சிலேட்டில் ‘உங்க எல்லாரு இஷ்டம்’ என்று எழுதிக் காட்டினார். என் வீட்டுக்காரர், "எனக்கென்னங்க, நீங்க சொன்னா வண்டிய எடுக்கப்போறேன்" என்றார். நங்கை உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் மாஸ்டர்தான், "வெள்ளிக்கெழம அம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போடலாமுங்களா?" என்றார். எல்லாருக்கும் மூச்சு வந்தது. மனுஷருக்கு முடிவு சொல்லத் துணிவில்லாத விஷயத்தை அம்மன் தலையில் கட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப்பூ. இரண்டையும் அம்மன் முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப்பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. கல்யாணம், கிணறு வெட்டு, பாகப்பிரிவினை எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் பூக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளை வந்தால் கச்சேரிக்குப் போவது, சிவப்பு வந்தால் அத்தோடு நிறுத்துவது என்று பேசிக்கொண்டோம். பூக் கட்டிக்கொண்டு வரும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு நந்தியாவட்டையில் நாலு பூப் பறித்தேன், எங்கள் வாசல் செவ்வரளியில் நாலு பூப் பறித்தேன். மகளின் பழைய கோடு போட்ட நோட்டில் தாள் கிழித்தேன். நந்தியாவட்டையை எடுத்துத் தாளில் வைத்தவள் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, இரண்டு தாளிலும் செவ்வரளியையே வைத்து மடித்தேன். ‘நீயும் பொம்பளை, நானும் பொம்பளை, உனக்குத் தெரியாததா’ என்று அம்மனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். ஏமாற்றுவதையும் ஏமாற்றிவிட்டு நியாயமும் பேசினேன்.

கோயில் சூலூர் போகும் வழியில் உள்ளே தள்ளி இருந்தது. வேனில்தான் போனோம். வாசலில் இறங்கியதும் தட்டை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, நானும் நங்கையும் குழாயடியில் கால் கழுவப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் தட்டில் தேங்காய் இருக்கிறது, பழம் இருக்கிறது, கற்பூரம் இருக்கிறது, பொட்டலமும் இரண்டு இருக்கிறது. ஆனால் அவை கோடு போட்ட நோட்டுத் தாள் இல்லை. செய்தித்தாள்.

யாரோ மாற்றியிருக்கிறார்கள். ‘இது நான் கட்டினது இல்லை’ என்று சொல்லலாம்தான். நீ கட்டினது எங்கே, அதைப் பிரி என்றால் என்ன செய்வது? திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு போய் அம்மன் காலடியில் வைத்தார், கற்பூரம் காட்டினார். சாமி கும்பிட வந்திருந்த ஒரு பெண்ணின் நாலு வயசுக் குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். குழந்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை.

"நல்லதுங்க, அம்மன் உத்தரவு குடுத்துப்போட்டா" என்றார் மாஸ்டர். இழவு வீட்டில் சேதி சொல்கிற குரலில் சொன்னார். "சந்தோசமுங்க" என்றார் என் வீட்டுக்காரர், வேனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு. நங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தொண்டையில் அந்த எலும்பு மேலே போய்க் கீழே வந்தது. இன்னும் ஒரு வாரத்தில் இந்தத் தொண்டையைக் கொண்டுபோய் மேடையில் நிறுத்தி உயர்ந்த ஸ்தாயியில் பாட வைக்கப்போகிறோம் என்பது எனக்கு அப்போதுதான் சரியாக உறைத்தது. நானும் பக்கத்தில் நின்று பாடுவேன். மறுபடி ரத்தம் வரும், மறுபடி நான் மட்டும் பார்ப்பேன்.

"சாமி, அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க" என்றேன்.

"அது வழக்கமில்லை அம்மணி. அதத் தண்ணியிலதான் போடோணும்" என்றார் பூசாரி.

நான் எட்டி அதை எடுத்து நானே பிரித்தேன். அதுவும் வெள்ளை.

எல்லாருடைய பார்வையும் என் மேல் விழுந்தது. விழாமல் என்ன செய்யும், பூக் கட்டினவள் நான்தானே. மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னை ஒரு சொல் கடிந்து பேசினதில்லை. "ஏனம்மணி, ரெண்டுலயும் வெள்ளையக் கட்டியாந்துபோட்டியா? அந்த மனுசன் தொண்டை போனாலும் உனக்குப் பாட்டுத்தான் முக்கியமாப் போச்சா?" என்றார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. "நான் கட்டுனது ரெண்டும் செவப்புங்க மாஸ்டர்!" என்று கத்தினேன்.

குழந்தையின் அம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, போகவும் மனமில்லாமல் நின்றார். அண்ணன் மெதுவாகச் சட்டைப்பைக்குள் கையை விட்டு, கோடு போட்ட தாளில் மடித்த இரண்டு பொட்டலத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். பூசாரி ஒவ்வொன்றாகப் பிரித்தார். இரண்டும் செவ்வரளி.

"எத்தனையோ பேருக்குப் பூப் போட்டிருக்கறனுங்க. ரெண்டு பக்கமும் இப்படிப் பித்தலாட்டம் பண்ணுனவிய நீங்கதான்" என்றார் பூசாரி. கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. குற்றத்துக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டு, கருவறைக்குள் போய்விட்டார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "ஏனுங்ணா இப்படிப் பண்ணுனீங்க? பேச்சே போயிருமுன்னு டாக்டர் ரெண்டு தடவை சொன்னாரில்ல? உங்களுக்கு அவ்வளவு ஆசையா?" என்றேன். அண்ணன் சிலேட்டை எடுத்து எழுதினார். ‘உன்ற புள்ளைக்கு ஒரு கலியாணம் ஆகற வரைக்கும் உனக்கு வரும்படி வேணுமேன்னு நெனச்சேன். மாஸ்டருக்கும் இதை உட்டா வேற பொழப்பு இல்லை.’

மாஸ்டர் படித்துவிட்டு, "எனக்கா?" என்றார். "மகன் திருப்பூருக்கு வந்து கூட இருங்கன்னு ரெண்டு வருசமாக் கூப்புடறானுங்க. உங்கள உட்டுப்போட்டு எப்படிப் போறதுன்னுதான் இருக்கறேன்!" அவர் சொல்லி முடிப்பதற்குள் நங்கை, "எனக்கு இந்த மனுசன் ஊட்ல இருந்தாப் போதுமுங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நான் மூன்று வருஷமாகத் தொண்டைக்குள் வைத்திருந்ததை அங்கேயே கக்கினேன். "என்ற புள்ளையச் சாக்குச் சொல்லாதீங்கண்ணா. அவளுக்கு வேண்டியது கலியாணப் பாட்டில்லை, அவ அம்மா. எனக்குப் போதுமுங்ணா. நான் இனி வரமாட்டேன்."

சொன்னபிறகு இடி ஒன்றும் விழவில்லை. ‘வரமாட்டேன்’ என்ற சொல்லைப் பத்தொன்பது வருஷத்தில் எங்கள் குழுவில் முதல் தடவையாகச் சொன்னவள் நான். அதற்கு அண்ணன் முகம் கறுக்கும் என்று நினைத்தேன். அவர் அப்படியே கோயில் படியில் உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சத்தம் வரக்கூடாதென்று தொண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது, ஆனால் எனக்கு வந்தது சிரித்து இல்லை. உடம்பிலிருந்து ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

"உங்களுக்குப் போகோணும்னு இருந்துச்சா இல்லியா, அதச் சொல்லுங்க முதல்ல" என்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

அண்ணன் சிலேட்டை வேட்டியில் துடைத்துவிட்டு எழுதினார். ‘இல்லை. நாலு வருசமா.’

நாலு வருஷம். எனக்குக் கணக்கு அதிகம் வராது, இந்தக் கணக்கு உடனே வந்துவிட்டது. கொடுமுடி நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு ஒரு வருஷம் முன்பே இந்த மனுஷருக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. கடையில் என்னைக் கண்டதும் சிரித்த சிரிப்பும், எனக்கென்றே எடுத்து வைத்த புதுப்பாட்டும், நான் வருத்தப்படக் கூடாதென்று செய்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் வீட்டில் இருந்திருப்பேன். என் மகளுக்கு நான் தண்ணீர் ஊற்றியிருப்பேன். அவரைத் திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன். நான் மட்டும் சொன்னேனா? இந்த ஆறு வாரமாக அவரைப் பேசக்கூடாதென்று சொன்னதாவது டாக்டர். எனக்கு எந்த டாக்டர் சொன்னார்?

அவர் மடியிலிருந்து சிலேட்டை எடுத்து, அவர் எழுதியதற்குக் கீழே, ‘எனக்கு மூணு’ என்று எழுதினேன். அண்ணன் அதைப் படித்தார். எந்த மூன்று வருஷம் என்று அவருக்கும் தெரியும். கொடுமுடியிலிருந்து வந்த வேனில் அவரும்தானே இருந்தார். சிரிப்பு நின்றது. கை எடுத்துக் கும்பிட்டார், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் எங்கள் தலைக்கு மேலாக எட்டிச் சிலேட்டைப் படித்தார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் மொதல்லயே கேட்டிருக்கோணும்" என்றார். வேன் சாவியை எடுத்தார். "வாங்க, ஊட்டுக்குப் போலாம். புள்ள பள்ளிக்கூடம் உட்டு வர்றதுக்குள்ள போயரலாம்."